பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாயுவும் ஓமமும்: ஓர் ஆய்வு

அரியலூர் மண்ணைத் தோண்டிப் பார்க்காத புவியியலாளர் இல்லை. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததாம். அது விட்டுப்போன சுண்ணாம்பு இன்று சிமெண்டு மூட்டையாக லாரி ஏறுகிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. அதற்குப் பூங்காவே உண்டு. ஆனால் இப்பகுதி மக்களின் வயிற்றுக்குள் பந்தி முடிந்ததும் எழும் நில அதிர்வை யார் ஆராய்ந்தார்கள்? அக்குறை போக்கவே இக்கட்டுரை.

ஐரோப்பியர்கள் லவேஜ் என்ற செடியின் இலையைச் சூப்பில் போடுவார்கள். வயிறு உப்பினால் வேரைக் காய்ச்சிக் குடிப்பார்கள். இங்கே இரண்டு வேலையையும் ஓமமே பார்க்கிறது. இரண்டும் கொத்தமல்லிக் குடும்பம், ஆகவே பங்காளிகள். ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமால். வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் அதைச் சேர்ப்பதுண்டு.

சோதனைச்சாலை அடுப்படி, தலைமை விஞ்ஞானி அப்பாயி. ஓமத்தை வெறும் சட்டியில் படபடவென வெடிக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி, பாதியாகச் சுண்டவைத்து, பனைவெல்லம் போட்டால் ஓமத்தண்ணி. சளி என்றால் அதே ஓமத்தைத் துணியில் முடிந்து மூக்கில் வைப்பார். அளவு கேட்டால், “கையால அள்ளிப் போடு” என்பார். எந்த ஆய்விதழும் ஏற்காத இந்த அலகு தலைமுறைகளாகப் பிசகியதில்லை.

நிர்வாகக் காரணியையும் பரிசீலித்தோம். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. இத்தனை குமுறலிலும் ஓமத்தண்ணியின் பக்குவம் மாறவில்லை. எனவே வாயுவுக்கும் வருவாய்த்துறைக்கும் தொடர்பில்லை.

இனி மையச் சிக்கல்: ஓமப்பொடி. கடலைமாவு வாயுவைக் கிளப்பும், ஓமம் அடக்கும். நோயையும் மருந்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த மூளை சாதாரணமானதல்ல. ஆனால் ஓமப்பொடி அச்சின் துளை பொடிசு. முழு ஓமம் அடைத்துக்கொள்ளும். ஊறவைத்து அரைத்து, வடிகட்டிய சாற்றில்தான் மாவு பிசைய வேண்டும். அந்த வடிகட்டும் பாட்டுக்குச் சோம்பி, சிலர் ஓமத்தையே விட்டுவிடுகிறார்கள். மருந்து போய் நோய் மட்டும் பொட்டலமாகிறது. வாங்குவோர் சொல்வது, “நிறம் நல்லா இருக்கு.”

தீர்ப்பு: ஓமம் மணக்காத ஓமப்பொடி வெறும் மஞ்சள் நூல். அடுத்த முறை கடையில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, விரலால் நொறுக்கி முகர்ந்து பாருங்கள். மணமில்லையென்றால் அந்தக் காசுக்கு ஓமத்தையே வாங்குங்கள்.