நோட்டுப் பெரியம்மா

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறதென்றால் அதில் ஒரு நோட்டுப் பெரியம்மாவும் இருப்பார். சில வீடுகளில் அவர் அத்தை, சில வீடுகளில் மூத்த மைனி. எங்கே இருந்தாலும் ரிட்டயர்டு டீச்சராகத்தான் இருப்பார். இல்லாவிட்டால் டீச்சர் ஆகியிருக்க வேண்டியவர் என்று ஊரே சொல்லும். நம்மைப் போன்றவர்களுக்கு டிசம்பர் 25ஆம் தேதி கிறிஸ்துமஸ் வருகிறது. பெரியம்மாவுக்கு அன்றைக்கு முடிகிறது. வருவது அக்டோபரில்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படத் திருச்சபை நாலு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே விழுகிற ஞாயிறு அதற்கு ஆரம்பம். பெரியம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் திருப்தியில்லை. "நாலு வாரத்துல மனசை வேணா ஆயத்தப்படுத்தலாம். மாவு திரிச்சு முடியுமா?" என்று ஐயரிடமே கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் ஐயர் என்றால் பாதிரியார். அவர் பதில் சொல்லாமல் தட்டிலிருந்து இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார். ஊழியத்தில் அனுபவம் உள்ளவர்.

நோட்டு என்று சொன்னாலும் அது நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஏதோ ஒரு பழைய வருஷத்துடையது. அதனால் கிழமைகளையெல்லாம் அடித்து மேலே திருத்தியிருப்பார். முதல் பக்கத்தில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்'. இரண்டாம் பக்கத்திலிருந்து கர்த்தருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. எல்லாம் நம் பெயரில்தான்.

பக்கத்துக்கு நாலு கட்டம். வேலை, ஆள், கெடு என்று மூன்றுக்குத் தலைப்பு உண்டு. நாலாவதற்குத் தலைப்பு கிடையாது. வேலை முடிந்திருந்தால் அதில் நீல மையில் ஒரு சின்ன டிக். முடியாவிட்டால் சிவப்பு மையில் காரணம், அதுவும் சம்பந்தப்பட்டவர் சொன்ன வார்த்தையிலேயே: 'மறந்துட்டேன் என்கிறான்.' 'கடை பூட்டியிருந்ததாம்.' 'பாக்கலாம் என்கிறாள்.' வேலை நடப்பதற்காகத்தான் இந்தப் பட்டியல் என்று வீட்டுக்கு வந்த புது மருமகள்கள் நம்புவார்கள். எனக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. சொன்ன வேலை சொன்ன நாளில் நடக்காது என்பது வகுப்பறையில் வாழ்ந்த பெரியம்மாவுக்குத் தெரியாததா? நடக்காதது யாரால் என்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

ஆனால் ரயில் டிக்கெட் விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்காதவர் பிழைத்ததில்லை. முன்பு பயணத்துக்கு 120 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும். ஆகஸ்ட் மாதமே சென்னையில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போன் போகும். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே அதை 60 நாளாகக் குறைத்துவிட்டது. பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். பெரியம்மாவுக்கு இரண்டு மாதப் பிழைப்பு போயிற்று. இருந்தாலும் சமாளித்துக்கொண்டார். டிசம்பர் 23ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமென்றால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். ஏழே முக்காலுக்கு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வரும்: "எல்லாரும் எந்திச்சாச்சா? யாராரு கம்ப்யூட்டர் முன்னால இருக்கிய? கை தூக்குங்க." பெங்களூரில் மேனேஜராக இருக்கிற அண்ணன், தன் ஆபீசில் நாற்பது பேரை மேய்க்கிறவன், மறுபேச்சில்லாமல் கை தூக்கும் பொம்மையை அனுப்புவான்.

"தட்கால் இருக்குல்லா பெரியம்மா" என்று ஒருவன் ஒருமுறை சொன்னான். அவன் பெயர் சிவப்பு மையில் ஏறியது. அந்த மை இன்னும் காயவில்லை.

நவம்பர் முழுவதும் பலகாரத்தின் முன்னேற்பாடு. அரிசி, பயறு, எள், ஏலக்காய் என்று பெரியப்பா கையில் ஒரு சீட்டு கொடுத்து விடுவார். பெரியப்பா நல்ல மனிதர். சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதைப் பாராமல் கடையில் எது கண்ணுக்கு அழகாக இருக்கிறதோ அதை வாங்கி வருகிறவர். வெல்லம் இரண்டு கிலோ என்று எழுதியிருந்தால் உடன்குடி கருப்பட்டி வரும். கூடவே, யாரும் கேட்காத ஒரு பெரிய பேப்பர் ஸ்டார். "மலிவா கெடச்சுது." வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒரு கட்டு ஸ்டார் இருக்கிறது. பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். டைரியைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

முந்திரிக்கொத்து போடுகிற நாள்தான் அவருடைய ஆட்சியின் உச்சம். சிறுபயறை வறுத்துத் தோல் நீக்கித் திரித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பாகை ஊற்றிக் கிளறுவார்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, உதிர்ந்து போகும். அதனால் உருட்டுவதற்கு ஆட்களை முன்கூட்டியே உட்கார வைத்திருப்பார். வயது வாரியாக, சுவரை ஒட்டி, கைகழுவிய ஈரம் துடைத்து. "பேச்சு கூடாது. பேசுனா கை நின்னுரும்." கொதிக்கிற மாவு வந்து இறங்கும். உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டுவோம். ஒரு சித்தி மெதுவாக ஆரம்பிப்பார்: "மேலத்தெரு பிள்ளைக்கு மாப்ள பாத்தாச்சாமே." எல்லாக் கையும் நிற்கும். பெரியம்மா கையும்தான். "எந்த ஊர்?" அதற்குள் மாவு ஆறிவிடும். ஆறிய மாவுக்குக் காரணம் யார் என்று எழுதும்போது சித்தியின் பெயர் இருக்கும், "எந்த ஊர்?" என்று கேட்டவர் பெயர் இருக்காது. வரலாறு எழுதுகிறவர்களுக்குள்ள சலுகை அது.

உருட்டியதை மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட வேண்டும். எங்கள் கூட்டத்தில் யார் விட்டாலும் இரண்டும் நாலுமாகத்தான் ஒட்டும். இரண்டாக ஒட்டியதெல்லாம் வீட்டுக்கு, மூன்றாக இருப்பது வெளியே கொடுக்க. இது எழுதப்படாத சட்டம். அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் முழு முந்திரிக்கொத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அச்சு முறுக்குக்கு வேறு தலைவலி. அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பு வரை முங்கிவிட்டால் மாவு அச்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. புது அச்சிலும் அப்படித்தான், மாவு கழன்று வராது. அதனால் பழகிய அச்சுக்கு டிசம்பர் மாதத்தில் இருக்கிற மதிப்பு வேறெதற்கும் கிடையாது. பெரியம்மாவின் அச்சு தெரு முழுக்கச் சுற்றும். எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று அதற்குத் தனிப்பக்கம். கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம் எழுதுகிற கையெழுத்து.

கேக்குக்கு உலர்பழம் ஊற வைப்பது அக்டோபரிலேயே நடந்துவிடும். 'ஆரஞ்சு சாறு' என்று நோட்டில் எழுதியிருக்கிறது. ஜாடியைத் திறந்தால் வருகிற வாசனை ஆரஞ்சு மாதிரி இல்லை. பெரியப்பா மட்டும் அந்த ஜாடியை வாரம் தவறாமல் குலுக்கி வைக்கிறார். அவராகவே ஏற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்கிற ஒரே வேலை அதுதான். இதில் நான் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு, ஒரு வெள்ளைக்காரர் கேட்டார் என்பதற்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது உள்ளூர்ச் சாராயத்தைத்தான் சேர்த்தார் என்று சொல்வார்கள். பெரியப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

டெய்லர், பெயின்டர் இருவரையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: நாளைக்கு.

பெரியம்மாவால் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாத ஒன்று உண்டென்றால் அது கேரல் ரவுண்ட்ஸ். சபை வாலிபர்கள் கீபோர்டு, டிரம், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் வீடு வீடாக வருவார்கள். "நம்ம வீட்டுக்கு எத்தனை மணிக்கு?" என்று செக்ரட்டரியிடம் நவம்பரிலேயே கேட்டு வைப்பார். "பத்தரைக்கெல்லாம் வந்திருவோம் டீச்சர்." பத்து மணிக்கே வாசலில் கோலம், மேஜையில் கேக், பிளாஸ்க்கில் டீ, கவரில் காணிக்கை. பத்தரை போகும், பன்னிரண்டு போகும். ஒன்றரைக்கு எல்லோரும் சேலை மாற்றி, கொண்டையை அவிழ்த்துப் படுத்த பிறகு, தெருநாய்கள் முன்னறிவிப்புக் கொடுக்கத் தெருமுனையில் டிரம் கேட்கும். "எந்திங்க, எந்திங்க!" பெரியப்பா லுங்கியோடு முன்வரிசையில் நிற்பார். முகமூடிக்குள்ளிருந்து தாத்தா, "டீச்சர், கொஞ்சம் தண்ணி" என்பார். குரல் ஏழாம் வகுப்பில் அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையனுடையது. "மூணு மணி நேரம் லேட்டுல" என்று தாத்தாவையே கேட்பார் பெரியம்மா. தாத்தா மிட்டாய் ஒன்றை நீட்டுவார். பெரியம்மா வாங்கிக்கொள்வார். அந்த ஒரு தாமதத்துக்கு நோட்டில் இதுவரை சிவப்பு மை விழுந்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், வெறும் வெள்ளைக் கட்டம்தான்.

விடியற்காலை ஆராதனைக்குக் குளியல் வரிசை தனி அட்டையில் எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டப்படும். மூன்று மணிக்குக் குழந்தைகள், அதன்பின் ஆண்கள், ஆளுக்கு இத்தனை நிமிஷம். எல்லோரையும் கிளப்பி, பூட்டைச் சரிபார்த்து, கடைசியாகப் பெரியம்மா குளித்துக் கிளம்பும்போது கோயிலில் இரண்டாம் பாட்டு தொடங்கியிருக்கும். வருஷா வருஷம் பிந்தி வருகிறவர் அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பெரியம்மா வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. கரண்ட் போன அன்றிரவு தெருவில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அரிசி, பால்பவுடர் எல்லாம் இருந்த வீடு அது ஒன்றுதான். எல்லாம் நோட்டுப்படி வாங்கி வைத்தது. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு, கிறிஸ்துமஸுக்கென்று போட்ட பலகாரம் அத்தனையும் டப்பா டப்பாவாகப் போயிற்று. மூன்றாக ஒட்டியது, இரண்டாக ஒட்டியது என்று அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை. அந்த வருஷம் பண்டிகைக்கு வீட்டில் சோறும் குழம்பும்தான். பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

அவருடைய குறை வேறு. மற்ற வருஷங்களில் பண்டிகையன்று பக்கத்து வீடுகளுக்கும், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்த வீடுகளுக்கும் டப்பா போகும். திரும்பி வரும்போது வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். ஆனால் மழை வருஷத்தில் போன டப்பாக்கள் யார் யார் கைக்கோ போய், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மூடிகள் சேரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது இன்னும் கணக்கு முடியாமல் நிற்கிறது.

எனவே பாளையங்கோட்டை, திருநெல்வேலி வாசகர்கள் தயவுசெய்து தங்கள் அடுக்களையை ஒருமுறை பாருங்கள். எவர்சில்வர் மூடி, நடுத்தர அளவு, உள்பக்கம் ஊசியால் பெயரெழுத்து கொத்தியிருக்கும். உங்கள் டப்பா எதற்கும் அது பொருந்தாது. கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். காலையில் பதினொரு மணிக்கு மேல் வருவது நல்லது, அதற்கு முன்னால் அவருக்கு வேலை இருக்கும்.