பெயர்ச்சீட்டுக் கோட்பாடு: கல் பார்க்கப் போவோர் குறித்து ஓர் ஆய்வு

துவாக்குடியில் கல்லுக்குப் பஞ்சம் கிடையாது. தஞ்சாவூர் ரோட்டில் லாரி உதிர்த்துவிட்டுப் போன ஜல்லி, டீக்கடை பெஞ்சின் ஆடும் காலுக்கு அண்டை கொடுத்த கல், பட்டறை கேட் தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க வைத்த கல், தெருநாயை எண்ணிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த கல் என்று வகைவகையாக உண்டு. இவற்றில் ஒன்றையேனும் எவரும் இரண்டு நிமிடம் நின்று பார்த்ததற்குச் சான்று இல்லை. அதே கல்லைக் கழுவிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் கீழே ஒரு சீட்டும் சேர்த்துவிட்டால், வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறோம். கல் எப்போது காட்சிக்கல் ஆகிறது என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

கருதுகோள்: மாற்றம் கல்லில் இல்லை, சீட்டில் இருக்கிறது. விளக்கும் காரணமாகலாமே என்று தேர்வாளர் கேட்கக்கூடும். என் பட்டறையில் கிரைண்டிங் மிஷினுக்கு மேலேயும் விளக்கு எரிகிறது. அதைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை.

ஆய்வுக் காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. களம், அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். தரவுகள்: என் மனைவி, ஆறாவது படிக்கும் மகள், மில்லிங் மிஷின் ஓட்டும் மச்சான், ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஏற்றிக்கொண்ட நண்பன், அவனுடைய பாட்டி, ஒரு தூக்குப் புளியோதரை. நண்பன் போகவரத் தூங்கியதாலும், புளியோதரை லால்குடி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டதாலும் அவ்விரு தரவுகளும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கிளம்பும்போதே ஒரு கலைச்சொல் தகராறு. “புவியியல் மியூசியம் போறோம்” என்றேன். மகள் அட்லஸை எடுத்துப் பையில் வைத்தாள். தப்பு அவள்மேல் இல்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் ஜியாக்ரபி. அரசாங்கத்தில் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்றால் ஜியாலஜி. ஒரே சீட்டை இரண்டு டப்பாவில் ஒட்டினால் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது.

வழியில் கல்லக்குடி. 1939இல் சிமெண்ட் ஆலை வந்து, ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயராகி, அதை மாற்றச் சொல்லி 1953 ஜூலையில் மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்த ஊர். பெயர்ப்பலகைக்காக மனிதர்கள் ரயில் முன்னால் படுப்பார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைச்சாலையும் நிறுவப் போவதில்லை. ஆலை எதைத் தின்று வளர்ந்தது என்பதும் நமக்குத் தேவை. சுண்ணாம்புக்கல். இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து வடக்கே நகரத் தொடங்கிய பிறகு கிழக்குக் கரை தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. கிரிட்டேசியஸ் காலத்தில், சுமாராகப் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, இந்தப் பக்கமெல்லாம் உப்புத்தண்ணீர். அதில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் பவளமும் செத்து அடுக்கடுக்காகப் படிந்ததைத்தான் வெட்டியெடுத்து, 1,450 டிகிரி சூட்டில் சுட்டு, மூட்டை கட்டி விற்கிறார்கள். நான் போன வருஷம் போட்ட மாடிப்படியில் எத்தனை சிப்பி இருக்கிறதோ, மேஸ்திரி கணக்குக் கொடுக்கவில்லை.

மச்சான் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம பொழப்பும் அதுதானே?” என்றான். உண்மை. துவாக்குடிப் பட்டறைகளில் பாதி, பாய்லருக்கு உதிரிப் பாகம் செய்து பிழைப்பவை. பாய்லர் தின்பது நிலக்கரி. நிலக்கரி, மக்கிப் புதைந்த பழங்காட்டு மரம். புதைபடிவத்தைக் கொளுத்தக் கருவி செய்து சம்பளம் வாங்குகிறவர்கள், அந்தப் பணத்தில் டீசல் என்னும் இன்னொரு பழஞ்சரக்கை ஊற்றிக்கொண்டு புதைபடிவம் பார்க்கப் போகிறோம். சீட்டு இல்லாததால் இத்தனை நாளும் இது யார் கண்ணிலும் படவில்லை.

அருங்காட்சியகத்தில் முதல் கண்டுபிடிப்பு: வந்தவர்கள் யாரும் கல்லை முதலில் பார்ப்பதில்லை. குனிந்து சீட்டைப் படிக்கிறார்கள், நிமிர்ந்து கல்லைப் பார்க்கிறார்கள், சீட்டில் சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையாட்டுகிறார்கள். என் மனைவி ஒரு பெட்டிக்கு முன்னால் “ஆமாமா” என்றே சொன்னாள். பெலெம்னைட்டு என்று ஒரு கல் இருக்கிறது. ஒரு முனை கூராக, விரல் நீளத்தில், உறையூர்ச் சுருட்டை யாரோ பாதி குடித்துவிட்டு வைத்ததுபோல இருக்கும். கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. சீட்டை மறைத்துக்கொண்டு மகளைக் கேட்டேன். “சாக்பீஸ்” என்றாள். கையை எடுத்தேன். படித்துவிட்டு, “ஐயோ, சூப்பர்ப்பா” என்றாள். கல் மாறவில்லை என்பதை நான் அருகிலிருந்தே உறுதி செய்துகொண்டேன்.

கோட்பாட்டுக்கு அடி விழுந்தது அம்மோனைட்டு பெட்டியில். தேன்குழல்போலச் சுருண்ட ஓடு, ஓரமெல்லாம் வரிவரியாக. பாட்டிக்குக் கண்ணில் புரை, சீட்டு தெரியாது. கல்லை மட்டும் பார்த்தாள். கைகூப்பினாள்.

“ஏண்டாப்பா, இது சாளக்கிராமமாச்சே?”

“இல்ல பாட்டி, அம்மோனைட்டு. கணவா மீன் ஜாதி.”

“நன்னாப் படிச்சே போ. சக்கரம் தெரியறது பார்.” காவலர் பக்கம் திரும்பினாள். “இவருக்குத் தளிகை உண்டாப்பா?”

“ஓட்டல் கீழப்பழுவூர்லதாம்மா” என்றார் அவர் பணிவாக.

திரும்பி வந்து சரிபார்த்ததில் பாட்டி பக்கமே நியாயம் இருந்தது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம் காட்டுபவை அம்மோனைட்டுகளே; ஜுராசிக் காலத்தவை, அரியலூர்க்காரர்களுக்கு மூத்தவை. அறிவியல் ஒட்டிய சீட்டும் மதத்திலிருந்து வந்ததுதான்: ஆட்டுக்கடாக் கொம்போடு சித்திரித்த எகிப்தியக் கடவுள் அம்மோனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு சுருளைக் கண்டு இரண்டு நாட்டார் இரண்டு கடவுளை நினைத்திருக்கிறார்கள், நான் ஒருவன்தான் கணவாயை நினைத்தேன். இன்னொன்று: பாட்டி தினம் சேவிக்கும் ஸ்ரீரங்கத்து மூலவர் கல் அல்லர், சுதை. கல் இல்லாத இடத்தில் பெருமாளைப் பார்த்துப் பழகியவளுக்குக் கல்லில் பார்ப்பது சிரமமாக இருந்திருக்காது.

மச்சானைப் பற்றிய தரவு வேறொரு நாள், ஒரு கல்லூரியின் ஜியாலஜி துறை அலமாரி முன்பு சேகரித்தது. பைரைட்டு என்ற கனிமம் பித்தளை நிறத்தில் பல சமயம் சதுரக் கட்டியாகவே விளையும். மச்சான் அதை மூன்று பக்கமும் பார்த்தான். “மாமா, இது யாரோ மில்லிங் போட்டது. பர்ர் கூட எடுத்திருக்கான்.” இல்லை, இரும்பும் கந்தகமும் அணுவணுவாக அடுக்கிக்கொண்டதே அப்படி என்றேன். மூலைமட்டம் கொண்டுவராமல் போனோமே என்று அவன் வீடுவரை வருந்தினான். தொண்ணூறு டிகிரிக்கு நாள்பூராவும் போராடுகிறவனுக்கு, சும்மா கிடந்த கல் அதைச் சாதித்தது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். அதே அலமாரியில் ‘கொரண்டம்’ என்று ஒரு சீட்டு. குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, மோஸ் அளவுகோலில் 9. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், எதுவும் கலக்காமல் பொடியாக்கிச் சக்கரமாக அழுத்தினால் மச்சான் டூல் தீட்டும் கிரைண்டிங் வீல். மாணிக்கத்தில்தான் டூல் பிடிக்கிறான் என்று சொன்னதிலிருந்து முதலாளியிடம் வீலை மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

இனி வரலாற்றுச் சான்றுகள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் ஒன்று, கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் சமாதிமேல் கிடந்தது. 1893இல் தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து, சமாதியில் இருந்த பெயரையே பாறைக்கும் சூட்டினார்: சார்னாக்கைட்டு. சென்னையில் யுகயுகமாகக் கிடந்தபோது பெயரில்லை. ஒருவர் பெயரைச் சுமந்த பிறகே உலகப் புகழ். எங்கள் பக்கமும் குறைவில்லை. 1862இல் பிளான்ஃபோர்டு இந்தக் கடற்படிவுகளை ஊட்டத்தூர், டிரிச்சினாபொலி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். ஊர்ப்பெயரைத் திருச்சிராப்பள்ளி என்று திருத்தி எழுதி எத்தனையோ காலமாயிற்று. பாறை இன்னும் டிரிச்சினாபொலியாகவே இருக்கிறது. தண்டவாளத்தில் படுக்க ஆள் வரவில்லை.

சீட்டு தவறானால் கூட்டம் கூடும் என்பதற்கு 2020 சாட்சி. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட, ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் சீட்டு ஒட்டியது. சனம் பார்க்கப் போனது. அறிஞர்கள் வந்து, அம்மோனைட்டைச் சுற்றி உருண்ட படிவுக்கட்டி என்று சீட்டை மாற்றினார்கள். கல் அதே கல்தான், செல்பி நின்றது.

சீட்டு மட்டுமே போதும், கல்லே வேண்டாம் என்பதற்குச் சான்று கல்லமேடு. அரியலூருக்கு அருகே அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்கு பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள்: பேருடல் பல்லி. முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்றார்கள். தரையில் நடந்த பிராணிகளிலேயே பெரியதாக இருக்கலாம் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எலும்பு? மழைக்காலத்தில் நொறுங்கிக் கரைந்துபோய்விட்டது. ஆறு கோடி ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கியது, வெளியே வந்து நம்மூர் மழையைத் தாங்கவில்லை. பெயர் பத்திரமாக இருக்கிறது.

இறுதிச் சோதனையை வீட்டில் நடத்தினேன். கிரைண்டர் வந்த நாளிலிருந்து கொல்லையில் வாய்க்காலோரம் கவிழ்ந்து கிடக்கும் ஆட்டுக்கல், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அரியலூரில் அந்தக் கடல் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது கல்லாகிவிட்டது. நாங்கள் டீசல் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்த அத்தனை சிப்பிக்கும் அது கொள்ளுத்தாத்தா. நிமிர்த்திக் கழுவி, மகளின் கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன்: ‘ஆட்டுக்கல். உருமாறிய பாறை. தொடாதீர்.’

பால்காரர் நின்று படித்தார். எதிர்வீட்டு அக்கா படித்துவிட்டு, “இது என்ன விலைக்குப் போகும் தம்பி?” என்று கேட்டார். மனைவி படித்துவிட்டு ஈரத் துண்டை அதன்மேலேயே உலர்த்தினாள்.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தேன். சீட்டு கரைந்து, கோந்து மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. குழியில் தேங்கிய தண்ணீரைப் பூனை குடித்துக்கொண்டிருந்தது.