என்ஜினுக்குப் பட்டி பார்க்கலாமா?

கேள்வி: கீழே விழுந்த மோட்டார் சைக்கிளின் என்ஜின் உறை விரிசல் விட்டு எண்ணெய் கசிகிறது, எபாக்சி பட்டி பூசினால் தாங்குமா?

பதில்: விரிசல் விழுந்த இடமே விடையைத் தீர்மானிக்கிறது. அலுமினியக் கலவையில் வார்க்கப்படும் இவ்வுறையில், எண்ணெயை அடக்கி வைப்பதன்றி வேறு பாரம் சுமக்காத பக்க மூடிக்கு, பிசினும் அதை இறுகச் செய்யும் கடினமாக்கியும் சேர்ந்த எபாக்சி பட்டி பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஆனால் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இருக்கையோ, என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் காதோ உடைந்திருந்தால், பட்டி பூசுவது எலும்பு முறிவுக்குச் சந்தனம் பூசுவதை ஒக்கும் என்பதால், ஆர்கான் வாயுவின் காப்பில் உலோகத்தை உருக்கி இணைக்கும் ஆர்கான் வெல்டிங்கோ புதிய உறையோதான் வழி.

பட்டியின் முதல் எதிரி வெப்பமன்று, எண்ணெய்ப் பிசுக்கே. ஆகவே எண்ணெயை வடித்து, அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மறுபடியும் துடைத்து, விரிசல் மேலும் ஓடாதபடி அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்ட பின்னரே பூச வேண்டும். மெதுவாக இறுகும் வகைக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் தேவை. ஐந்தே நிமிடத்தில் இறுகும் வகை பொதுவாக வெப்பத்தைக் குறைவாகவே தாங்குமாதலால், அவசரக்காரர் பட்டியை இருமுறை வாங்க நேரும், எண்ணெயையும்தான்.