தொட்டில் வாரியம்: உத்திரமேரூர் வட்டாரத்தில் இரண்டாம் பிள்ளையின் வருகை குறித்த ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆள் எடுப்பது எப்படி, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எத்தனை நாள் பதவி என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வேன் வைத்து வந்து, ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று சொல்லிச் செல்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். இத்தனை பேர் பார்த்தும் ஒரு விஷயம் ஆராய்ச்சி உலகத்தின் கண்ணில் படவே இல்லை. ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சுவரை விட்டால் வேறு கையேடு கிடையாது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம்: உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஓர் ஓட்டு வீடு. ஆய்வாளர் அந்த வீட்டிலேயே குடியிருப்பதாலும், ஆய்வுப்பொருள்கள் இரண்டுக்கும் அவரே தகப்பன் என்பதாலும் நடுநிலை குறித்துச் சிலர் ஐயம் எழுப்பலாம். எழுப்பட்டும். களப்பணி பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நடந்ததால் வேறு ஆய்வாளர் எவரும் முன்வரவில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். 919-இல் போட்ட விதி இரண்டே வருஷத்தில் போதாமல் போய், 921-இல் விரிவாகத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதற்கே அந்தக் கதி. முதல் பிள்ளைக்கு நாங்கள் வகுத்த விதிகளோ வாய்மொழியாக இருந்தவை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான், வெளியே போய்விட்டு வந்தவர் கை கால் கழுவாமல் தூக்கக் கூடாது, அந்தி சாய்ந்தபின் வாசலுக்கு வரக் கூடாது என்று பெரிய சாசனமே இருந்தது. இரண்டாமவன் வந்தபோது நவரை நடவு. சேற்றுக் காலோடு வந்த சித்தப்பா முந்தானை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு (அது சித்தியின் முந்தானை) குழந்தையைத் தூக்கினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திருத்தப்பட்ட விதி அமலுக்கு வந்துவிட்டதை ஆய்வாளர் அப்போதுதான் அறிந்தார்.

இனித் தகுதிகள். வாரியத்தில் அமர கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கால் வேலி என்றால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேலே வரும். எங்களுக்கு இருப்பது அறுபது சென்ட். மேடையில் ஜனநாயகம் என்று முழங்குகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுவார்கள்: அது பிராமணர்களின் சதுர்வேதி மங்கலம், நிலமில்லாதவனுக்கு அங்கே ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. எங்கள் வீட்டிலோ எல்லா வாரியத்தையும் நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய ஆயா. சோழர் விதிப்படி அவருக்கு வயது தடை, பாலினம் தடை, நிலம் தடை, வேதம் தடை. ஆயாவிடம் இதைத் தெரிவித்தபோது, "அப்ப அந்த ராசாவையே வந்து மூத்திரத் துணிய அலசச் சொல்லு" என்றார். மேல்முறையீடு இல்லை.

தகுதி நீக்கம்தான் கல்வெட்டின் உயிர்நிலை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவனோடு அவன் சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று யாருமே நிற்கக் கூடாது. பிரசவ வார்டு வாசலில் பிளாஸ்க்கும் கையுமாக நிற்கிற ஆண்களை எண்ணிப் பாருங்கள். பட்டியல் வரி பிசகாமல் பொருந்தும். எங்கள் மூத்தவள் நாலு வருஷம் எதிர்ப்பில்லாமல் ஆண்டவள். மடி, தோள், செல்போன், தட்டில் முதல் அப்பளம், எல்லாம் அவள் வசம். உடைந்த ரிமோட்டுக்கும் காணாமல் போன ஒற்றைக் கொலுசுக்கும் இன்றுவரை கணக்கு இல்லை. எனவே அவள் நீக்கம். அவள் தகப்பன் என்ற முறையில் நானும் நீக்கம். ஒரே வீச்சில் குடும்பம் முழுவதும் தகுதியிழந்து, கறை படியாத வேட்பாளராக மிஞ்சியது அன்று காலை பிறந்த ஒரே ஒருவன்.

குடவோலை எடுக்கும் காட்சியைக் கல்வெட்டு கண்முன் நிறுத்துகிறது. சிறியோர் பெரியோர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் பூசை செய்யும் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கி மேல்நோக்கி நிற்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று ஏதும் அறியாத ஒரு சின்னப் பையன் கைவிட்டு ஓலையை எடுத்துத் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்குவார். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் யாருக்கும் வரக் கூடாதல்லவா, அதற்காக. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு அவநம்பிக்கையோடு ஓர் ஊர் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் மூத்தவர்தான் தூக்கிக் காட்டினார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொட்டலத்தை ஆயா உயர்த்திப் பிடிக்க, எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஏதும் அறியாமை என்ற ஒரே தகுதியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கை மட்டும் விரியாத கை. பிறந்த குழந்தையின் மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரேகைக்குள்ளே துண்டின் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும், புளித்த பால் வாசனை அடிக்கும். அதைத் துடைக்கப் போன ஆயாவின் சுண்டுவிரலை அவன் கப்பென்று பிடித்துக்கொண்டான். ராத்திரி வாரியம் அந்த நொடியில் முடிவாகிவிட்டது. அன்று முதல் அவர் கட்டிலுக்கு மேலேதான் தூளி.

இரண்டாம் பிள்ளை வந்தால் வீட்டில் ஒரு தலை கூடுகிறது என்றே ரேஷன் கார்டு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை எல்லோரும் நினைக்கிறார்கள். என் களத்தில் கண்டது வேறு. பழைய சபை கலைகிறது. யார் யாருக்கு என்ன வேலை என்பதை, வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் ஆள் புதிதாகப் பங்கிடுகிறான்.

கல்வெட்டில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வீட்டில் ஏரி வாரியம் என்றால் துணி அலசுவது. சித்தியும் என் அம்மாவும். பத்திய வாரியம் கொஞ்ச நாள் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டுமாகக் கொடிகட்டிப் பறந்தது. பொன் வாரியத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பஞ்சவார வாரியம் என்று ஒன்று உண்டு. அதன் வேலை இன்னது என்பதில் கல்வெட்டு அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எங்கள் வீட்டிலும் இன்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியாத வாரியம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரே உறுப்பினன் நான். குழந்தையைப் பெற்றவள் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. வாரியப் பெருமக்களுக்கு 360 நாள் நிறைந்ததும் ஓய்வு உண்டு என்ற பகுதியை நான் உரக்கப் படித்தபோது, அவள் பதில் சொல்லாமல் பாலாடையைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

அரசாங்கத்தின் கணக்கு தனி. ஒரு காலத்தில் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, நாம் இருவர் நமக்கு இருவர் என்று எழுதினார்கள். பிறகு அந்த இருவரில் ஒருவரை அழித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்ப வேண்டுமானால் 2.1 வேண்டும். ஆக, முதல் பிள்ளை முழுசாகவும் இரண்டாவது 0.8 ஆகவும் பிறக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு வந்ததை அங்கன்வாடித் தராசில் போட்டுச் சரிபார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. இப்போது காற்று திசை மாறிவிட்டது. தொகுதி மறுவரையறையில் இடம் குறைந்துவிடும் என்ற கவலையில், சீக்கிரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025-இல் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே கல்யாண மேடையில் சொன்னார். நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தைக் காப்பாற்ற இரவில் நான் விழித்திருக்கிறேன் என்பது பெருமைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இரண்டு பிரசவம் வரைக்கும்தான். கர்ப்பப் பதிவின் பிக்மி நம்பர், ஆதார், பாஸ்புக் என்று அதற்குரிய ஓலைகளைக் கட்டிக்கொண்டு அலைந்தது பஞ்சவார வாரியம்.

ஒரு பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் மூணு வருஷமாவது இடைவெளி விடணும் என்று நர்சம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முன்பு வாரியத்தில் இருந்தவன் மூன்றாண்டு கழியாமல் மறுபடி நிற்கக் கூடாது என்கிறது கல்வெட்டு. இதில் மட்டும் நான் விளையாடத் தயாரில்லை. தாய் மறுபடி உண்டாகிப் பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை ஏங்கிச் சவலையாவதை எங்கள் ஊர்க் கிழவிகள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். 1933-இல், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதையே வேறு உருவில் எழுதி வைத்தார். இளையது வந்ததால் தாய்ப்பால் நின்று, வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் விடப்பட்ட மூத்த குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து செத்துக்கொண்டிருந்தன. அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை கொடுப்பதை அற்பமாகப் பேசுகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

எங்கள் மூத்தவளுக்கு முட்டையில் குறையில்லை. அவளுடைய நோவு மனசில். மூத்த பிள்ளை அரியணை இழக்கிறது என்ற கருத்தைப் பரப்பியவர் வியன்னாவின் ஆல்ஃபிரட் ஆட்லர். அவர் தாமே வீட்டில் இரண்டாம் பிள்ளை என்பதால் அவர் சாட்சியத்தை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். ஆயினும் அறிகுறிகள் பொருந்துகின்றன. முதல் நாள், "இது ஆஸ்பத்திரிப் பாப்பா, திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். நேற்றுவரை இந்த வீட்டில் பாப்பா என்றால் அவள். அந்தப் பட்டம் சொல்லாமல் கொள்ளாமல் கைமாறியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு தூளிக்குப் போராட்டம். ஆயாவின் நூல் புடவை, பலமுறை வெளுத்து வெங்காயச் சருகு போல் ஆனது, உத்தரத்தில் கட்டி, உள்ளே குறுக்கே ஒரு மூங்கில் கட்டை கொடுத்தது. பட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் ஒருவரும் பட்டில் தூளி கட்டுவதில்லை, முடிச்சு வழுக்கும். நாங்கள் அசந்த நேரத்தில் அவள் காலை மடக்கிக்கொண்டு உள்ளே ஏறிப் படுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, "ஆட்டு" என்றாள். ஆட்டினோம். உத்தரத்திலிருந்து ஒட்டடையும் ஓட்டுத்தூசியும் கொட்டின. தம்பி தரையில் கிடந்தபடி அதை ரசித்துக்கொண்டிருந்தான்.

இப்போது பொன் வாரியம். இது பொன்னை மாற்றுப் பார்க்கும் குழு. எங்கள் வீட்டில் தலைமை ஆயா. மூத்தவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது தாய்மாமன் கம்மலோடு செயினும் போட்டார். சின்னவனுக்கு வருகிற தையில் விசேஷம். கம்மல் மட்டும்தான் என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். தங்கம் விற்கிற விலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்நிலையில் மூத்தவள் ஒரு மனு கொடுத்திருக்கிறாள். தானும் அன்றைக்கு மாமா மடியில் உட்கார வேண்டும், தனக்கும் புதுசாகக் குத்த வேண்டும்.

"உனக்குத்தான் குத்தியாச்சே" என்றார் ஆயா.

"அது அப்போ. மாமாவுக்கு ரெண்டு தொட இருக்கில்ல?"

சுவரில் உள்ள விதியைப் புரட்டிப் பார்த்தேன். அவள் மாமா மடியில் அமர்ந்து மூன்றாண்டு முடிந்துவிட்டது. கணக்குக் காட்டாத குற்றமும், கொலுசு அரிசிப் பானைக்குள் அகப்பட்டுவிட்டதால் பாதி நீங்கிவிட்டது. மறுபடி நிற்க அவளுக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்று மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றைய சவரன் விலை என்ன என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அவர் போன் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது.