மறுமுனையில் இருப்பவரைக் கேளுங்கள்

எங்கள் குழுவில் எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். இது பலமா, பலவீனமா?
(வாசகி, பிரிஞ்சாங்)

நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் வேலை நிற்கிறதா? நின்றால் பலவீனம். மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

குழுவில் என் பாணி என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், ரிங்லெட்)

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போனால், கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் பிடித்து நடப்பதைப் பாருங்கள். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் முந்தினால் இயந்திரம் கோணிக்கொள்கிறது. ஒருவர் கையைத் தாழ்த்தினால் முற்றிய இலையும் குச்சியும் சேர்ந்து வருகின்றன. உயர்த்தினால் நல்ல கொழுந்து செடியிலேயே நின்றுவிடுகிறது. இருவரும் வெட்டியது ஒரே பைக்குள்தான் போகிறது, யார் கை தவறியது என்று பை சொல்லாது. ஆனால் மறுமுனையைப் பிடித்திருப்பவரின் தோளுக்குத் தெரியும். உங்கள் பாணியையும் உங்கள் குழுவில் மறுமுனையைப் பிடித்திருப்பவரிடமே கேளுங்கள். 'நான் எப்படி வேலை செய்கிறேன்?' என்று கேட்டால் 'நன்றாக' என்றுதான் பதில் வரும். 'எந்த இடத்தில் நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன்?' என்று கேளுங்கள். இயந்திரம் ஏறாத செங்குத்துச் சரிவில் அதே ஆட்கள் கத்தரி பிடித்துத் தனித்தனியாக வெட்டுகிறார்கள். அங்கே அவரவர் வேகம் அவரவருக்கு. சிலருக்குக் கத்தரிதான் கைவரும். அது குறையே இல்லை. அந்தச் சரிவை அவர்களிடம் கொடுப்பதுதான் முறை. வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

கூட்டத்தில் எனக்குப் பேச வராது. என்னால் சங்கத்துக்கு என்ன பயன்?
(வாசகர், தானா ராத்தா)

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், மலாயா அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. மேடையில் பேசியவர்கள் சிலர். மாதம் 10 வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். தோட்டத்தை வாங்கியது அந்தப் பத்து வெள்ளிகள். தவறாமல் கட்டுகிறவர் நீங்கள் என்றால், தலை நிமிர்ந்து உட்காருங்கள்.

கோத்தோங் ரோயோங் என்ற ஊர்க் கூட்டுப்பணிக்கு முப்பது பேர் வந்தும் வேலை முடியவில்லையே, ஏன்?
(வாசகி, பிரிஞ்சாங்)

முப்பது பேர் வந்ததால்தான். ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுத்த பலம் குறைந்தது. 1913-இல் அதை வெளியிட்டார். அடுத்த முறை 'இந்தக் கால்வாய் உங்கள் இருவருக்கு' என்று பிரித்துக் கொடுங்கள்.

என்னைக் 'கங்காணி' என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.
(கோயில் குழுத் தலைவர், பிரிஞ்சாங்)

வருத்தம் நியாயம்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் தாத்தா பாட்டிகளின் வலி இருக்கிறது. கங்காணி சொந்த ஊர் ஆட்களையே மலாயாத் தோட்டங்களுக்குக் கூட்டி வந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. வந்தவர் முன்பணக் கடனிலும் உறவிலும் கட்டுண்டு, மறுத்துப் பேச முடியாமல் கிடந்தார். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்பிடிப்பை நிறுத்தியது. உங்கள் குழுவில் யாராவது உங்களிடம் 'வேண்டாம்' என்று சொன்னது எப்போது? நினைவுக்கு வரவில்லையென்றால், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் பேசிய பிறகு கடைசியாகப் பேசுங்கள்.