முப்பது லைஃப்

தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ‘டிவி கேம்’ என்றால் ஒரே பொருள்தான். டிவிக்குப் பின்னால் ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேம் ஒயரைச் செருகுவோம். படம் தெளியும்வரை சேனலை ட்யூன் செய்வோம். பிறகு கேசட். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள் அவை. அசலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பர்மா பஜாரிலிருந்து யாராவது ஒரு மாமா வாங்கி வந்திருப்பார். பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் கடை இருந்தது. பெட்டி இருந்த வீட்டிலோ, பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் முழுக்கச் செருப்பு கிடக்கும். ஜாய்ஸ்டிக் ஒயர் குட்டை என்பதால் டிவிக்கு மிக அருகில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்வோம். “கண்ணும் போயிடும், பிக்சர் ட்யூபும் போயிடும்” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பாதியில் நிறுத்திச் சேமித்து வைக்கும் வழி அந்த ஆட்டங்கள் பலவற்றில் இல்லை. 1985-ல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸில் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், ஆக மொத்தம் 32. தொடங்கும்போது கையில் 3 லைஃப். ஏழாவது உலகம்வரை போனவன் அங்கே லைஃப் தீர்ந்து அவுட் ஆனால், மறுபடி முதல் உலகத்திலிருந்துதான் வர வேண்டும். கரண்ட் போனாலும் அதே கதி. சாப்பிடக் கூப்பிட்டால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துவோம், டிவியை மட்டும் அணைத்துவிட்டு எழுந்து போவோம். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் அடாப்டர் சுடச்சுட இருக்கும். எத்தனை கோபம், எத்தனை அழுகை! ஜாய்ஸ்டிக்கைத் தரையில் எறிந்து அடி வாங்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

அந்த எரிச்சலை இன்று நினைத்தால் எனக்கு மதிப்புதான் வருகிறது. அது நேர்மையான எரிச்சல். மேரியோவின் முதல் ஸ்டேஜையே எடுத்துக்கொள்வோம். ஷிகெரு மியாமோட்டோவும் அவரது குழுவும் அதை அமைத்த விதத்தில் ஒரு நல்ல ஆசிரியரின் பொறுமை இருக்கிறது. அந்த ஸ்டேஜின் பிற்பகுதியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் வெறும் தரை. தாண்டத் தவறினாலும் கீழே தரையில்தான் விழுவோம், ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளி அதே போல இன்னொரு ஜோடிப் படிக்கட்டு. இந்த முறை நடுவில் பள்ளம். முதல் இடத்தில் பழகிய கால், இரண்டாவது இடத்தில் தாண்டிவிடும். தாண்டாவிட்டால், எங்கே பிசகியது என்று விழுந்த அந்த நொடியிலேயே தெரியும். யாரும் விளக்கிச் சொல்லாமலே எட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் அது. எழுத்தே வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளும் எங்கள் நடுவில் உட்கார்ந்து அதைக் கற்றார்கள்.

கான்ட்ரா என்ற ஆட்டம் கற்றுக்கொடுத்தது வேறு பாடம். அதில் ஒரு தோட்டா பட்டால் போதும், உயிர் போய்விடும். அதோடு கையிலிருந்த நல்ல துப்பாக்கியும் போய்விடும். மூன்றாவது ஸ்டேஜில் ஓர் அருவி வரும். பாறை பாறையாக மேலே ஏறிப் போக வேண்டும். இருவர் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு மேலே நகரும். கீழே நிற்பவர் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் செத்துப்போவார். நானும் அக்காவும் ஆடும்போது ஒவ்வொரு முறையும் அங்கே சண்டை வரும்.

“அக்கா, மேல போகாத! நான் செத்துருவேன்!”

“அப்ப சீக்கிரம் வாடா!”

கத்துவாளே தவிர, போக மாட்டாள். மேலிருந்து பாறை உருண்டு வரும்போதும் அதே இடத்தில் நின்று, எனக்காகக் காத்திருந்து, சில சமயம் அதனாலேயே தன் லைஃபை இழப்பாள். பக்கத்தில் இருப்பவரின் வேகத்தைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் இருவருக்கும் அந்த அருவியில் வந்தது. அவளோடு எந்த வேலை சேர்ந்து செய்தாலும் அது இன்றைக்கும் தெரிகிறது.

அந்த ஆட்டத்தைக் கடைசிவரை முடிக்க ஒரு வழி இருந்தது. முகப்புத் திரையில் அப் அப், டவுன் டவுன், லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட், பி, ஏ. இந்த வரிசையில் அழுத்திவிட்டுத் தொடங்கினால் 3 லைஃப் 30 ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருப் பையன் என்றே வெகுகாலம் நம்பியிருந்தோம். உண்மையில் அது கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ வைத்தது. 1986-ல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றும் பணியில் இருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்க அவராலேயே முடியாத அளவுக்கு ஆட்டம் கடினமாக இருந்தது. அதற்காகத் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி, ஆட்டம் வெளியானபோது அதிலேயே தங்கிவிட்டது. பிறகு கொனாமியின் பல ஆட்டங்களில் தொடர்ந்தது. 1988-ல் வீட்டுப் பெட்டிக்கு வந்த கான்ட்ராவால் உலகப் புகழ் பெற்றது. ஹாஷிமோட்டோ 2020-ல் காலமானார். இணையம் எட்டாத எங்கள் ஊருக்கு அந்த வரிசை வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்தோம். ஆட்டம் தாங்க முடியாத இடத்தில் ஆட்டத்தைச் செய்தவரே வைத்த இரக்கம் அது. அதற்கு விலை கிடையாது.

இன்று நான் ஆடுவது இரவு ஒன்பதரைக்கு மேல். மகள் தூங்கியிருப்பாள், பாத்திரம் கழுவி முடிந்திருக்கும். தூக்கம் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். சூப்பர் மேரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய ஆட்டம். இப்போது 100 ஜிபியைத் தாண்டும் ஆட்டங்கள் சாதாரணம். எனக்குக் கிடைத்த நேரம் முழுவதும் அப்டேட் இறங்குவதிலேயே போன இரவுகள் உண்டு. தனியாளாக ஆடும் ஆட்டத்துக்கும் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள், ஓடிபி கேட்கிறார்கள். உள்ளே நுழைந்தால் முதல் திரையில் கடை. ஆன்லைன் ஆட்டமாக இருந்தால் நடுவில் நிறுத்த முடியாது. அடுப்பில் பால் பொங்கினாலும், ஊரிலிருந்து அம்மா போன் செய்தாலும், ஆட்டம் காத்திருக்காது. அந்தக் காலத்து நகல் பெட்டிகூட ஒரு பட்டன் அழுத்தினால் எங்களுக்காகக் காத்திருந்தது.

இவை சின்னத் தொல்லைகள். என்னைக் கோபப்படுத்துவது, வேண்டுமென்றே வைக்கப்படும் எரிச்சல். போனில் ஆடும் ஆட்டங்களில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2012-ல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் அதிகபட்சம் 5 லைஃப். தீர்ந்துபோனால், ஒவ்வொன்றும் திரும்பி வர அரை மணி நேரம். காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், இல்லையென்றால் காசு கொடுக்கலாம். இந்த வழியைப் பின்பற்றிய ஆட்டங்களுக்கு இன்று கணக்கே இல்லை. கட்டிய கட்டடம் எழும்பக் காத்திரு, பெட்டி திறக்கக் காத்திரு, காத்திருக்க முடியாவிட்டால் வைரக்கல் வாங்கு என்று அவை சொல்கின்றன. மேரியோவின் பள்ளத்தில் விழுந்தவன் அடுத்த முறை நன்றாகத் தாண்டலாம். அரை மணி நேரக் காத்திருப்பை எப்படி நன்றாகச் செய்வது? அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அன்று இலவசமாகக் கைக்குக் கை மாறிய முப்பது லைஃபை இன்று ஒவ்வொன்றாக விலை போட்டு விற்கிறார்கள்.

பணமும் கடினமும் அன்றும் சேர்ந்தே இருந்தன என்று ஒருவர் சொல்லலாம். சரியான பேச்சுதான். கான்ட்ரா 1987-ல் முதலில் வந்தது காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில். ஆடுகிறவர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அதனால் அந்த ஆட்டங்கள் கடுமையாகவே செய்யப்பட்டன. ஆனால் அங்கேயும் திறமை வளர வளர ஒரே காசில் அதிக நேரம் ஆடலாம். கடைக்காரருக்கு நஷ்டம் வருமளவுக்கு ஒரே காசில் நின்று ஆடிய கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது காசுத் துளையும் போய்விட்டது. கடினம் மட்டும் மிஞ்சி, அது முழுக்க ஆடுபவருடையதாகிவிட்டது. நேரத்தையே பூட்டிவைக்கும் இன்றைய முறையில் திறமைக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆட்டமே இல்லாமல் போவதும் இன்று நடக்கிறது. 2014-ல் வெளியான தி க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் அதை ஆட முடியவில்லை. அதிலிருந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டியிருக்கிறது. விற்ற பொருளை விற்றவரே பயனற்றதாக்குவதை எதிர்க்கும் அவர்களோடு நான் முழு மனதாக நிற்கிறேன். எங்கள் பரணில் கிடக்கும் கேசட்டைச் செருகினால் இன்றும் மேரியோ ஓடுவார்.

இத்தனைக்குப் பிறகும் நான் ஆடுவதை விடவில்லை, காரணம் நேர்மையான எரிச்சல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2018-ல் வந்த செலெஸ்ட் ஒரு பெண் மலையேறும் ஆட்டம். மிகக் கடினம். ஆனால் விழுந்த மறுகணமே அதே இடத்தில் நிற்கலாம்; காத்திருப்பு இல்லை, அபராதம் இல்லை. முடியாதவர்களுக்கு அசிஸ்ட் மோட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பில்லாமல் ஏறலாம், சாகாமலே ஆடலாம். அதற்குத் தனிக்காசு இல்லை. ஹாஷிமோட்டோவின் முப்பது லைஃப் அங்கே வெளிப்படையாக, எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கை நடுங்கும் முதியவரும், விரல்களை வேகமாக அசைக்க முடியாதவரும் மலையுச்சிக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த ஆட்டம் அது.

இட் டேக்ஸ் டூ என்ற ஆட்டத்தை நானும் என் மனைவியும் ஆடினோம். ஸ்வீடனின் ஹேஸ்லைட் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2021-ல் வெளிவந்தது. தனியாக ஆடவே முடியாது. இரண்டு பேர் வேண்டும். என் மனைவிக்கு அதற்கு முன் கேம் ஆடிப் பழக்கமில்லை. ஒரு கட்டைவிரலால் நடந்துகொண்டு மறு கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதற்கே முதலில் திணறினாள். “இருங்க, நான் இன்னும் குதிக்கல” என்பாள். நான் மறுகரையில் நிற்பேன். அவள் குதித்து வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். காதில் ஹெட்போனோடு முகம் தெரியாதவர்களுடன் ஆடிய எந்த ஆட்டத்திலும் கிடைக்காத சந்தோஷம் அது.

வெண்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் சண்டை இல்லை, லைஃப் இல்லை. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா என்ற பெண், தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்கிறாள். குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்திருக்கும். விட்டுப்போன படியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லி சரியாக வராவிட்டால் மறுபடி செய்யலாம். அந்த அழிந்த வரிகள் தரும் எரிச்சல்தான் கதையே. வீட்டை விட்டு வெகுதூரம் போனவர்கள் கைநழுவவிட்ட எல்லாவற்றின் வலியும் அதில் இருக்கிறது. 2024-ல் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மைப் பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் அது பெற்றது. ஒரு மாலையில் முடிந்துவிடும் ஆட்டம். தினமும் வந்துபோகச் சொல்லி அது நம்மை அழைப்பதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு நம்மை எழுந்துபோக விடுகிறது.

பிள்ளைகளுக்கு கேம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது, அதில் ரத்தம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆடவிடலாம் என்பவைதான். இரண்டும் நியாயமான கேள்விகள். இன்னொன்றையும் கேளுங்கள்: தோற்றால் அந்த ஆட்டம் என்ன செய்கிறது? ‘மறுபடி ஆடு’ என்கிறதா, ‘காத்திரு அல்லது காசு கொடு’ என்கிறதா? பிள்ளை தோற்கும் நேரத்தில் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் உங்கள் பிள்ளையை ஆட்டக்காரராகப் பார்க்கிறார்களா, வாடிக்கையாளராகப் பார்க்கிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.