வெந்நீர் வருகிறதா? ஆம் / இல்லை

விடுநர்: முதல் மாடி வாடகைதாரர், ஈஸ்ட் ஹாம், லண்டன்.

பெறுநர்: உயர்திரு பழுதுபார்ப்புப் பிரிவு, வீட்டு உரிமையாளரின் முகவர் அலுவலகம்.

பொருள்: ஒரே ஷவரில் மார்கழியும் சித்திரையும் மாறி மாறி வருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் இணையப் படிவம், அதையொட்டித் தங்கள் தொலைபேசி அழைப்பு, அதையொட்டித் தங்கள் மௌனம்.

ஐயா அல்லது அம்மையீர் அல்லது பதிவுசெய்யப்பட்ட குரலே,

தங்கள் படிவத்தில் வெந்நீரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. வெந்நீர் வருகிறதா? பதிலுக்கு இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ என்று டிக் அடித்தால் மிக்க மகிழ்ச்சி என்று சொல்லிப் படிவம் தன்னை மூடிக்கொள்கிறது. ‘இல்லை’ என்று டிக் அடித்தால் ஆள் வருகிறார். வந்தவர் சமையலறைக் குழாயைத் திறந்து, விரலை நீட்டி, சூடு பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “வருதே” என்கிறார். புகார் தீர்க்கப்பட்டது என்று எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பொய்ப் புகார் கொடுத்தவன் என்ற பட்டத்தோடு அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன்.

எங்கள் வீட்டு வெந்நீர் தங்கள் கட்டங்களுக்குள் அடங்காது. குழாயைத் திறந்ததும் ஆம். தலையில் ஷாம்பு நுரைத்ததும் இல்லை. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினால் முதுகுத் தோல் உரிகிற அளவுக்கு ஆம். அலறிக்கொண்டு மூலையில் ஒண்டினால் மறுபடி இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் முதல் நாள் குளித்துவிட்டு வந்து, “மாப்பிள்ளை, இந்த ஊர்ல தண்ணிகூட ஒரு பேச்சுல நிக்காதா?” என்று கேட்டார். இப்போது அவர் வாளியில் பிடித்து, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். வாடகை விளம்பரத்தில் ‘நவீன குளியலறை’ என்று போட்டிருந்தீர்கள். குளியலறை தங்களுடையது. செம்பு நாங்கள் கொண்டுவந்தது.

இனி தங்கள் தொலைபேசி விசாரணை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பாய்லர்ல பிரஷர் எவ்வளவு காட்டுது?” 1.2 பார் என்பேன். “நல்லா இருக்கே” என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறது. அந்த முள் காட்டுவது ரேடியேட்டர்களுக்கும் பாய்லருக்கும் இடையே மூடிய வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தை. குழாயில் வருவதோ தெருவடிக் குழாயிலிருந்து நேரே வீட்டுக்குள் நுழையும் தண்ணீர். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய் வந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அந்த முள் ரொம்பக் கீழே இறங்கினால் பாய்லர் மொத்தமாகப் படுத்துவிடும். அப்போது வெந்நீர் விட்டு விட்டு வராது, வரவே வராது. காய்ச்சல் என்று போனவனிடம் செருப்பு சைஸ் கேட்கும் டாக்டர் எனக்குத் தங்கள் மூலமாகத்தான் அறிமுகம்.

இரண்டாவது கேள்வி: “ரேடியேட்டர் வேலை செய்யுதா?” நடு ஜூலையில் கேட்டீர்கள். தெரிந்து கேட்டீர்களோ தெரியாமல் கேட்டீர்களோ, அது ஒன்றுதான் உருப்படியான கேள்வி. எங்கள் வீட்டில் இருப்பது காம்பி பாய்லர். தொட்டி கிடையாது, சேமிப்பு கிடையாது. குழாயைத் திறந்த கணத்தில் பற்றவைத்து, ஓடுகிற தண்ணீரை ஓட ஓடச் சுடவைக்க வேண்டும். அதற்குள் திசைமாற்றும் வால்வு ஒன்று உண்டு. குழாய் திறந்ததும் ரேடியேட்டருக்குப் போகிற சூட்டை வெந்நீர்ப் பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. அது பாதி வழியில் சிக்கிக்கொண்டால் சூட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே கசிந்துகொண்டிருக்கும். குழாயில் வெதுவெதுப்பு, கோடையிலும் ரேடியேட்டர் தொட்டால் சுடும். ஆகவே ஷவரை ஓடவிட்டு வீட்டிலிருக்கும் எல்லா ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சில்லென்று இருந்தன. வால்வு நிரபராதி. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பாய்லரை அணைத்துவிட்டுப் பத்து விநாடி கழித்துப் போடும்படி சொல்லி இணைப்பைத் துண்டித்தீர்கள்.

அணைத்துப் போட்டேன். மிக்க நன்றி. பாய்லரில் ஓடும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது.

தங்களுக்கு நேரமிருந்தால் ஒரு சின்னக் கணக்கு. நேரமில்லாவிட்டாலும் போட்டுக் காட்டிவிடுகிறேன், இந்த வீட்டில் வெந்நீருக்காகக் காத்திருந்தே எனக்குக் கணக்கு வந்துவிட்டது. எங்கள் பாய்லர் 24 கிலோவாட். அந்தச் சூட்டைக் கொண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தலாம், அதற்குமேல் முடியாது. குளிர்காலத்தில் தெருக் குழாயில் 7 டிகிரியில் வரும் தண்ணீர் 42 டிகிரியாகி ஷவரில் இறங்கும். குளிக்க அது போதும். அதே நேரத்தில் யாராவது சமையலறையில் பாத்திரம் கழுவினால் இருவருக்கும் பாதிப் பாதி. இது பழுது அல்ல, பெட்டியின் வரம்பு. இதற்காகத் தங்களைத் தொந்தரவு செய்யும் ஆள் நான் அல்ல.

கோடையில் கதை தலைகீழ். தண்ணீரே 20 டிகிரியில் வருகிறது. பாய்லர் தன் தீயை ஓரளவுக்கு மேல் தணிக்க முடியாது. அது 7 கிலோவாட் வரைதான் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் மட்டும் ஓடினால், அந்தக் குறைந்தபட்சத் தீயே தண்ணீரை 53 டிகிரிக்கு ஏற்றிவிடும். பாய்லர் பயந்து அணைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் வரும். மறுபடி பற்றும், மறுபடி அணையும். ஆக, அதிகம் திறந்தால் ஆறிப்போகும், கொஞ்சமாகத் திறந்தாலும் ஆறிப்போகும். குறையும் மிகையும் ஒரே தண்டனைக்கு உள்ளாகும் இந்த ஏற்பாட்டின் மீதுதான், நீர்ச் சிக்கனம் என்ற பெயரில், பூவாளி முகப்பளவு துளைகள்கூட இல்லாத ஷவர் தலையைக் கோடையில் தங்கள் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். அதைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய ஷவர் தலையை மாட்டி முழுக்கத் திறந்து பார்த்தாயிற்று. அப்போதும் அதே சூடு, அதே குளிர். ஆகவே சிக்கனத்தின் மீதும் முழுப்பழி போட முடியவில்லை.

ஷவரின் கலவை வால்வு கெட்டிருக்கலாமே என்று தங்கள் ஆள் ஒருவர் சொன்னார். நியாயமான சந்தேகம். ஷவரில் மட்டும் சூடு ஏறி இறங்கி, மற்றக் குழாய்களில் ஒரே சீராக இருந்தால் பாய்லரைத் தொடவே வேண்டாம், ஷவரைக் கழற்றினால் போதும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, சமையலறைக் குழாயை விரல் நனைகிற நேரத்துக்குத் திறந்தால் பற்றாது. ஐந்தாறு நிமிடம் ஓடவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றோம். அங்கேயும் சூடு வந்தது, போனது, வந்தது. ஷவரும் நிரபராதி.

இந்த நாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எரிவாயுவில் உடனுக்குடன் வெந்நீர் தரும் கருவிக்கு பெஞ்சமின் வாடி மாகன் காப்புரிமை பெற்றது இதே லண்டனில்தான், 1868இல். புகை வெளியேற அதில் வழியே கிடையாது. குளிக்கப் போனவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டியதுதான். பிறகு வந்த வீடுகளில் ஒவ்வொரு கழுவுதொட்டிக்கும் இரண்டு குழாய்கள் வைத்தார்கள். குளிர்ந்தது தெருவிலிருந்து வரும் குடிக்கத் தகுந்த தண்ணீர், சுடுவது பரணிலுள்ள தொட்டி வழியாக வருவது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. கையைக் கழுவப் போனால் இடது பக்கம் வேகலாம், வலது பக்கம் விறைக்கலாம். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. எந்தத் துன்பம் வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். தங்கள் நவீன குளியலறையில் அந்தத் தேர்வும் பறிபோயிற்று.

சரி, குற்றவாளி யார்? பாய்லரின் முகப்பில், அதற்குள் சுற்றும் நீரின் சூடு எண்களாக ஓடுகிறது. ஷவரை ஓடவிட்டு, மனைவியை அங்கே நிற்கவைத்து, நான் பாய்லருக்கு முன்னால் நின்றேன். தண்ணீர் சுடும்போது எண் 60, 70 என்று மளமளவென ஏறுகிறது. 80ஐத் தாண்டியதும் தீ அணைகிறது. அடுத்த சில விநாடிகளில் குளியலறையிலிருந்து மனைவி, “ஐயோ, பச்சத்தண்ணி!” என்கிறாள். எண் இறங்குகிறது, தீ பற்றுகிறது, மறுபடி எல்லாம் முதலிலிருந்து. அதாவது பாய்லருக்கு உள்ளே வேண்டிய சூடு இருக்கிறது. அது தண்ணீரைப் போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியது தட்டு வெப்பமாற்றி என்ற சின்ன உறுப்பு. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டியது. தகட்டின் ஒரு பக்கம் பாய்லரின் கொதிநீர், மறுபக்கம் தெருத் தண்ணீர். நடுவே தகடு வழியாகச் சூடு மட்டும் கடந்து போகும். அந்தத் தகட்டில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் சூடு கடக்காது. இந்தப் பக்கம் கொதித்துப்போய் பாய்லர் அணையும், அந்தப் பக்கம் ஆள் விறைப்பார்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்றாலும் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குத் தண்ணீர் பெரும்பாலும் தேம்ஸ், லீ நதிகளிலிருந்து. அவை ஊறி வருவது சுண்ணாம்புப் பாறை நிலங்களில். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரைந்த கடினநீர் இங்கே சர்வசாதாரணம். சுடவைத்தால் அது பாறையாகப் படியும், 60 டிகிரிக்கு மேலே வேகமாகப் படியும். கிளாஸ்கோவில் இந்தத் தொல்லை இல்லை. 1859இல் விக்டோரியா மகாராணியே போய்த் திறந்துவைத்த கேட்ரின் ஏரித் தண்ணீர் அவர்களுக்கு, அது மென்னீர். நாங்கள் வாடகைக்கு வந்தது ஈஸ்ட் ஹாமில். இதைத் தங்கள் அலுவலகத்தில் எடுத்துச் சொன்னபோது, கடினநீர் இயற்கையானது, அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றார்கள். மழையும் இயற்கைதான். கூரையை வைத்திருப்பது நிர்வாகம்தானே?

ஆண்டுதோறும் பாய்லரைச் சோதித்து வருகிறோம் என்றும் பதில் எழுதினீர்கள். எழுதியது உண்மை. 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்து வாடகைதாரருக்குப் பதிவு தர வேண்டும். தருகிறீர்கள், சமையலறைக் கதவில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். அது எரிதல் சரியா, புகை வெளியேறுகிறதா என்று பார்ப்பதற்கானது. இந்தப் பாய்லர் எங்களைக் கொல்லாது என்பதற்குச் சான்று இருக்கிறது. குளிப்பாட்டும் என்பதற்கு இல்லை. அதற்கு வேறொரு சட்டம் உண்டு. 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம், 11ஆம் பிரிவு. ஏழு ஆண்டுக்குக் குறைந்த குத்தகைகளில், வீட்டைச் சூடாக்கும் கருவியையும் தண்ணீரைச் சூடாக்கும் கருவியையும் பழுது நீக்கி, முறையாக இயங்கும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது அது. முறையாக இயங்குவது என்றால் அவ்வப்போது இயங்குவது என்று பொருள் கொள்ள முடியுமா என்பதைத் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பகடியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். நான் எகிறிக் குதிக்கலாம். எழுபதைத் தாண்டிய மாமியாரால் குதிக்க முடியாது. ஈரத் தரையில் குதிப்பது இன்னும் மோசம். இந்தக் கட்டடத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளும் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே வயதுப் பாய்லர், ஒரே தண்ணீர். படிவத்தில் அவர்களும் ‘ஆம்’ என்றுதான் டிக் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாய்லர் உறையைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் தொட வேண்டும் என்பது முறை, அது சரியான முறை. ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது இவ்வளவுதான். அந்தப் பதிவு பெற்ற ஒருவரை அனுப்புங்கள். பாய்லரின் மாடல் எண்ணை இத்துடன் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்; தட்டு வெப்பமாற்றியை முதல் வருகையிலேயே கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் போய் ஆர்டர் போடுகிறேன் என்று சொல்ல வேண்டாம். வந்தவர் ஷவரை ஓடவிட்டுப் பாய்லர் முன்னால் பத்து நிமிடம் நிற்கட்டும், டீ நாங்கள் தருகிறோம். வெந்நீர் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும், அடுத்த தகட்டில் சுண்ணாம்பு கொஞ்சம் தாமதமாகவாவது படியும். படிவத்தில் ‘விட்டு விட்டு வருகிறது’ என்று மூன்றாவது கட்டம் ஒன்று சேர்த்தால் மாடியிலுள்ள மற்றவர்களும் உண்மை பேசத் தொடங்குவார்கள்.

குளிர்காலம் தொடங்குமுன் ஆவன செய்யக் கோருகிறேன். வாடகை மட்டும் மாதந்தோறும் முதல் தேதியில் ஒரே சீராக வந்துகொண்டிருப்பதைத் தங்கள் கணக்குப் பிரிவில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முதல் மாடி வாடகைதாரர்